எண்ணெய் டின் விஷயமாகச் சம்பந்திக்கு எழுதியது

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

அநேக வணக்கங்கள். தங்கள் நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் பதினோரு மாதம் ஒரு வார்த்தை விசாரிக்காமல் இருந்துவிட்டு இப்போது ஆவல் என்று எழுதினால் தாங்கள் நம்பமாட்டீர்கள். தபால் ஆபீசில் நாற்பது வருஷம் கடிதங்களை வகைபிரித்த கை தங்களுடையது. உறையைத் தொட்டாலே உள்ளே பொய் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஆகவே உள்ளதை எழுதுகிறேன். தங்கள் முழங்கால் வலி தேவலை என்பதும், சொல்லச் சொல்லக் கேட்காமல் தாங்கள் கைப்பிடியைப் பிடிக்காமல் மாடிப்படி இறங்குகிறீர்கள் என்பதும் தங்கள் மகள் மூலமாக வாராவாரம் எனக்குத் தெரிந்துகொண்டுதான் இருக்கிறது. நான் கேட்பதில்லை. அவளாகச் சொல்கிறாள். சொல்லாத வாரத்தில் மட்டும் கேட்பேன். இங்கே என் மனைவி நலம். பேத்தி நலம். நானும் நலம், இடது கைக் கட்டைவிரலைத் தவிர. அதன் கதை கீழே வரும்.

இந்தக் கடிதத்தின் நோக்கம், எண்ணெய் டின்களைச் சேகரிக்கிறவன் அவற்றை நிறைவாக வைத்திருக்க வேண்டுமா, காலியாக வைத்திருக்க வேண்டுமா என்ற விவாதத்தில் தாங்கள் சொன்னதே சரி என்று ஒப்புக்கொள்வதாகும். இதை முதலிலேயே எழுதிவிட்டேன். பின்னால் எழுதலாம் என்று வைத்தால் எழுத மனம் வராது.

நம் பிள்ளைகள் கல்யாணம் செய்துகொண்டபோது நமக்குள் பேச ஒன்றுமே இருக்கவில்லை என்பது தங்களுக்கு நினைவிருக்கும். வெயிலைப் பற்றி இரண்டு தடவை பேசினோம். மூன்றாவது தடவை வெயிலைப் பற்றிப் பேச இருவருக்குமே கூச்சமாகிவிட்டது. அப்போதுதான் எங்கள் ஹாலில் இருந்த அலமாரியைப் பார்த்துத் தாங்கள் நின்றீர்கள். கழற்றிப்போட்ட பழைய லிஃப்ட் ஒன்றின் பலகைகளைக் கொண்டுவந்து நானே அடித்த அலமாரி, அதில் நாற்பத்தாறு டின்கள். கப்பல் படம் போட்டது, பாயும் மான் போட்டது, சிவப்புப் பறவை போட்டது, எல்லாம் முப்பது நாற்பது வருஷத்துக்கு முந்தியவை, எல்லாவற்றிலும் மூடி திறக்காத எண்ணெய். தாங்கள் ஒவ்வொன்றாகக் குனிந்து, டின்னின் அடியில் இருந்த பொடி எழுத்துவரை படித்தீர்கள். முப்பத்துநாலு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவனின் டின்களை அவ்வளவு மரியாதையாக அதுவரை யாரும் படித்ததில்லை. என் வீட்டில் அவற்றுக்கு 'அந்தச் சனியன்கள்' என்றுதான் பெயர். அன்றே சிவப்புப் பறவையில் என்னிடம் இரண்டு இருந்ததால் ஒன்றைத் தங்களுக்குக் கொடுத்தேன். தாங்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அடியில் ஓட்டை போட்டு எண்ணெயைக் கொட்டிவிட்டீர்கள் என்று பிறகு கேள்விப்பட்டபோது எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் சொல்லவில்லை. சம்பந்தி ஆயிற்றே. பிறகு சனிக்கிழமைதோறும் பழைய இரும்புக் கடைக்கு நாம் சேர்ந்து போனதும், கடைக்காரர் நமக்கென்று இரண்டு ஸ்டூல் போட்டுவைத்ததும், நீங்கள் காலி டின்னாகப் பொறுக்க நான் நிறைந்த டின்னாகப் பொறுக்க நமக்குள் போட்டியே இல்லாமல் இருந்ததும் என் நல்ல காலம்.

அப்புறம் பேத்தியின் முதல் பிறந்தநாள். ஹால் நிறைய ஆட்கள். நீங்கள் அலமாரிப் பக்கம் போய்க் கப்பல் டின்னின் அடியில் விரலால் தடவி, விரலை மூக்கில் வைத்துப் பார்த்து, "ஒழுகுது சம்பந்தி" என்றீர்கள். நான் "ஒழுகல, வேர்க்குது" என்றேன். "தகரம் எப்படி வேர்க்கும்?" என்றீர்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எண்ணெய் இருந்தா அது சரக்கு. எண்ணெய் போனாத்தான் அது டின். காலி பண்ணிடுங்க, இல்லைன்னா ஒரு நாள் உங்களைக் காலி பண்ணிடும்" என்று அத்தனை பேர் நடுவில் சொன்னீர்கள். எனக்குச் சுருக்கென்றது. "உள்ளே ஒண்ணுமே இல்லாததை அடுக்கிவெச்சு அழகு பாக்குறதுக்குப் பேரு சேகரிப்பா? அதுக்குப் பேரு குப்பை" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். நீங்கள் தலைவலிக்கிறது என்று உங்கள் மகளிடம் சொல்லிவிட்டு, போட்ட இலை போட்டபடி இருக்கச் சாப்பிடாமல் கிளம்பினீர்கள். விவாதத்தில் நான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்தேன்.

அதற்குப் பிறகு நான் சனிக்கிழமை இரும்புக் கடைக்குப் போனால் உங்களைக் காணவில்லை. "அவரு இப்பல்லாம் வியாழக்கிழமை வர்றாரு சார்" என்றார் கடைக்காரர். "அவரும் ஒண்ணும் வாங்குறதில்ல, நீங்களும் ஒண்ணும் வாங்குறதில்ல. அவரு வந்து 'சனிக்கிழமை அவர் வந்தாரா'ன்னு கேட்டுட்டுப் போறாரு. நீங்க வந்து 'வியாழக்கிழமை அவர் வந்தாரா'ன்னு கேட்டுட்டுப் போறீங்க. நான் இரும்புக் கடை வெச்சிருக்கேனா, இல்ல விசாரணை ஆபீஸ் வெச்சிருக்கேனா?" அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனாலும் நான் சனிக்கிழமையை விட்டுக்கொடுக்கவில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். போன மாதம் மூன்று வாரம் அடித்த வெயில் தங்களுக்கும் தெரியும். அந்த வெயிலில் கப்பல் டின் வேர்த்தது. நான் துடைத்தேன். மறுநாள் இன்னும் வேர்த்தது. அடியில் ஒரு தட்டு வைத்தேன். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. கீழ்வீட்டுத் தையல்கார அம்மா. அவர் ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கு வெள்ளைக் கோட்டு தைக்கிறவர், தங்களுக்குத் தெரியும், படியில் பார்த்திருப்பீர்கள், கழுத்தில் எப்போதும் டேப் தொங்கும். கையில் ஒரு கோட்டைத் தோளோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். முதுகில் ஒரு தேசப்படம் மாதிரி பழுப்புக் கறை. "சார், இது என்னன்னு சொல்லுங்க" என்றார். கேட்டது கேள்வி என்று நினைத்து நானும் முகர்ந்து பார்த்து, "இது கியர் எண்ணெய்ம்மா. நல்ல தரம். இந்தத் தரம் இப்ப கிடைக்காது" என்று சொல்லிவிட்டேன். பின்னால் நின்ற என் மனைவி நெற்றியில் கைவைத்துக்கொண்டதை நான் பார்க்கவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. கப்பல் டின்னின் மூட்டு விட்டுப்போய், ஐந்து லிட்டரும் தட்டைத் தாண்டி, சுவரோரம் ஓடி, தண்ணீர்க் குழாய் இறங்கும் சந்து வழியாகக் கீழே போயிருக்கிறது. கீழே கொடியில் நாற்பத்திரண்டு கோட்டுகள். பதினேழில் கறை. வியாழக்கிழமை காலை கொடுத்தாக வேண்டும்.

அந்த அம்மா கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், விஷயம் முடிந்திருக்கும். அவர் கத்தவில்லை. எங்கள் ஹாலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "மூணு வாரமா முதுகு வளைஞ்சு தைச்சேன் சார்" என்று மட்டும் சொன்னார்.  கறை எடுப்பது என் பொறுப்பு என்றேன். எண்ணெய்க் கறையில் எனக்கு முப்பத்துநாலு வருஷ அனுபவம். முகத்துக்குப் போடும் பவுடர் நாலு டப்பா கொட்டி, ஊறவைத்து, பாத்திரம் தேய்க்கிற சோப்பைக் குழைத்துத் தேய்த்ததில் பதினாலு கோட்டு பளிச்சென்று வந்துவிட்டது. அதில் வந்த தைரியத்தில், மீதி மூன்றை, நாங்கள் வேலை முடிந்து கை கழுவுகிற பசையைப் போட்டுத் தேய்த்தேன். கறை போய்விட்டது. ஆனால் மூன்று கோட்டும் பச்சையாகிவிட்டன. இளம்பச்சை. பார்க்க நன்றாகத்தான் இருந்தன. "டாக்டர்ங்க பச்சையும் போடுவாங்களே" என்றேன். தையல்கார அம்மா புதுத் துணியை விரித்துக் கத்தரிக்கோலை எடுத்தார். என்னைப் பட்டன் தைக்க உட்காரவைத்தார். எட்டு மாடி உயரத்தில் கம்பியில் தொங்கி வேலை செய்தபோது வராத நடுக்கம் ஊசியில் நூல் கோக்கும்போது வந்தது. கட்டைவிரலில் ஊசி இறங்கியது அப்போதுதான். நான் தைத்த ஒரு கோட்டில் பட்டன் எல்லாம் தப்பான பக்கம் வந்துவிட்டது. அதைப் பிரிக்க நேரமில்லை. எந்த டாக்டர் அதை மாட்டிக்கொண்டு தினமும் காலையில் குழம்புகிறாரோ, அவர் என்னை மன்னிக்க வேண்டும். கோட்டுகள் வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தன.

போகும்போது அந்த அம்மா ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். "டின்னை வெச்சுக்குங்க சார், எனக்கென்ன வந்தது. எண்ணெயை எடுத்துடுங்க." நான் என் மனைவியைப் பார்த்தேன். "என்ன சொல்ற?" என்று கேட்டேன். "டின்னும் வேணாம் எண்ணெயும் வேணாம்னு முப்பது வருஷமாச் சொல்லிட்டு இருக்கேன். இப்ப மட்டும் என்னைக் கேக்குறீங்க" என்றாள்.

ஆகவே மறுநாள் காலை காலிசெய்யும் வேலையை ஆரம்பித்தேன். தங்கள் முறைதான். மூடியைத் தொடாமல், படத்துக்குக் கேடு வராமல், அடியில் ஆணியால் சின்ன ஓட்டை. மான் டின்னை இரண்டு ஸ்டூலுக்கு நடுவில் வைத்து, கீழே வாளி வைத்து, ஓட்டை போட்டுவிட்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் ஏழு சொட்டு விழுந்தது. இந்த வேகத்தில் அத்தனை டின்னும் காலியாகப் பேத்திக்குக் கல்யாணமாகிவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான், காற்று போக இரண்டாவது ஓட்டை வேண்டும் என்று தாங்கள் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. தாங்கள் சொல்லும்போது நான் சரியாகக் காதுகொடுக்கவில்லை, காரணம் அப்போது நான் எதிர்க்கட்சி. டின்னை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு இரண்டாவது ஓட்டையைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டு, நிமிர்த்தினேன். முழு டின்னும் என் மடியில் இறங்கியது. லிஃப்ட் வேலைக்கு வந்த முதல் நாள்கூட நான் அவ்வளவு எண்ணெயில் இருந்ததில்லை.

பழகியபின் வேலை வேகமாக நடந்தது. வாளிகள் நிறைந்தன. குளியல் தொட்டி நிறைந்தது. பேத்தியைக் குளிப்பாட்டும் சின்னத் தொட்டி நிறைந்தது. அப்புறம் குக்கர். கடைக்குப் போயிருந்த என் மனைவி திரும்பி வந்து, அடுப்பு மேடையில் இருந்த குக்கரைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மூடினாள். பேசாமல் மூடினால் நான் எழுந்து போய்விடுவது வழக்கம். அவசரமாக எழுந்ததில் வாளி சாய்ந்தது. அவள் "பாத்து" என்று ஓடிவந்தாள். கால் வழுக்கியது. எனக்கு உயிரே போய்விட்டது சம்பந்தி. இந்த வயதில் விழுந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். பாய்ந்து பிடித்தேன். பிடித்ததில் இருவரும் மெதுவாக, ஒருவர்மேல் ஒருவர் சரிந்து, எண்ணெயின் நடுவில் உட்கார்ந்துவிட்டோம். அடி ஒன்றும் இல்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. நான் எழுந்தால் அவள் வழுக்குகிறாள், அவள் எழுந்தால் நான் வழுக்குகிறேன். கால்மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். முதலில் அவள் திட்டினாள். பிறகு சிரித்தாள். சிரித்து ஓய்ந்தபிறகு, சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டாள்:

"அன்னிக்குச் சம்பந்தி ஏன் சாப்பிடாமப் போனாருன்னு நினைக்கிறீங்க?"

"டின் விஷயமா நான் சொன்னதுக்கு ரோஷம்" என்றேன்.

"டின்னா? அவங்க வீட்டம்மா போயி அப்ப நாலு மாசம்கூட ஆகல. ஒத்தை ஆளா அந்த வீட்டுல இருக்கார். அவர்கிட்டப் போய் உள்ளே ஒண்ணும் இல்லாததெல்லாம் குப்பைன்னீங்க. அவர் டின்னையா நினைச்சிருப்பாரு?"

சம்பந்தி, சத்தியமாக எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. பதினோரு மாதமாக நான் தகரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். அந்த எண்ணெயில் உட்கார்ந்தபடி எனக்கு முகம் வேர்த்தது. உங்கள் வீட்டில் சம்பந்தியம்மா இருந்தபோது நான் வந்தால் வாசலிலேயே "லிஃப்ட் வந்தாச்சு" என்பார்கள். அந்தக் குரல் இல்லாத வாசலை நீங்கள் தினமும் பூட்டித் திறக்கிறீர்கள் என்பதைக்கூட யோசிக்காதவனுக்கு, டின் காலியா நிறைவா என்று பேச என்ன தகுதி.

நான் ஏன் நிறைவாக வைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வுபெற்ற அன்று சாவிக்கொத்தையும் டார்ச் விளக்கையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது, என்னிடம் இருந்த ஏதோ ஒன்றை அவர்கள் வடித்து எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. அந்த டின்களாவது திறக்காமல், உபயோகத்துக்குத் தயாராக இருக்கட்டும் என்று நினைத்தேன். வேறொன்றும் இல்லை. கடைசி டின்னைக் காலிசெய்து துடைத்து அலமாரியில் வைத்தபிறகு பார்த்தேன். மான் அப்படியே பாய்ந்துகொண்டிருந்தது. மூக்கருகில் வைத்தால் வாசனைகூட அப்படியே இருந்தது. தாங்கள் சொன்னது முற்றிலும் சரி. நூறு லிட்டருக்கு மேல் இருந்த எண்ணெயைக் கேன்களில் ஊற்றி, பழைய எண்ணெய் எடுத்துக்கொள்ளும் ஒர்க்ஷாப்புக்கு ஆறு நடையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆறு நடையும் படியில்தான், எங்கள் கட்டடத்து லிஃப்ட் பழுது. என்ன பழுது என்று எனக்குத் தெரியும், ஆனால் தொடக் கூடாதாம், ஓய்வுபெற்றவனாம்.

ஆகவே, நான் அன்று சொன்ன சொல்லை முழுவதும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். டின் காலியாகத்தான் இருக்க வேண்டும், அதில் இனி எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. தங்கள் மனம் நோகப் பேசியதற்கு மன்னிக்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வர வேண்டும். குக்கரை ஒன்பது தடவை கழுவியாகிவிட்டது. என் மனைவியின் விசாரிப்புகளை ஏற்றுக்கொள்ளவும். பேத்தி இப்போது 'தாத்தா' என்று சொல்கிறாள். யாரைச் சொல்கிறாள் என்று தெரியாததால் பாதி தங்களுக்கு. முழங்காலைப் பார்த்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நீண்ட நாள் சுகமாக இருக்க வேண்டும் என்று மனதார வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் அன்புள்ள,
லிஃப்ட் சம்பந்தி

பி.கு.: உறையில் தங்கள் விலாசம் எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசல் மணி அடித்தது. நீங்கள். நான் மூக்குக்கண்ணாடி தேடுவதாகச் சொல்லிவிட்டு உள்ளறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கதவு சரியாகச் சாத்தவில்லை, எல்லாம் கேட்கிறது. நீங்கள் கொண்டுவந்த பையைத் தரையில் வைத்தபோது 'தொம்'மென்று கனமாகக் கேட்டது. என் மனைவியிடம் சொல்கிறீர்கள்: "நான் அன்னிக்குச் சாப்பிடாமப் போனது தப்பும்மா. அவர் சொன்னதுதான் சரி. காலி டின்னா அடுக்கி வெச்சா, காத்தடிச்சா ராத்திரி பகல்னு இல்லாம வீடு பூரா டங்கு டங்குன்னு சத்தம். வீட்டுல வேற சத்தமும் இல்லையா, அதான் தாங்க முடியல. அடியில இருந்த ஓட்டையெல்லாம் ஈயம் வெச்சு அடைச்சு, எல்லாத்தையும் நிரப்பிட்டேன். நிறைவாத்தான் வெச்சுக்கணும்." என் மனைவி இருமுகிறாள். அந்த இருமல் எனக்கானது.

சம்பந்தி, உள்ளதை எழுதுகிறேன் என்று தொடங்கியதால் இதையும் எழுதுகிறேன். ஒரு நிமிஷம் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்று நினைத்தேன். கிழித்தால் ஜெயித்தது நான்.

அதற்குள் நீங்கள் அலமாரிப் பக்கம் போய்விட்டீர்கள். "இது மட்டும் நாலு லிட்டர் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டு, முழங்காலை ஊன்றி, மூச்சைப் பிடித்து, இரண்டு கையாலும் மான் டின்னைத் தூக்கினீர்கள் போலிருக்கிறது. அது கூரைக்குப் பறந்திருக்க வேண்டும். மேல் தட்டுச் சரிந்து, பத்துப் பன்னிரண்டு காலி டின்கள் ஒன்றன்பின் ஒன்றாக உங்கள்மேல் விழுகிற சத்தம் கேட்டது.  பிறகு நீங்கள் சிரிக்கிறீர்கள். என் மனைவியும் சிரிக்கிறாள். சிரிப்புக்கு நடுவில் "சம்பந்தி, எண்ணெய் எங்க?" என்று கேட்கிறீர்கள்.

வருகிறேன், கடிதத்தோடு. மேலே ஒப்புக்கொண்டதையெல்லாம் படித்துவிட்டு நீங்கள் மறுக்கலாம், நானும் மறுக்கத் தயார். நீங்கள் பையில் கொண்டுவந்திருக்கும் நிறைந்த டின் எனக்குத்தான் என்று தெரிகிறது. வாங்கிக்கொள்வேன். அதை எங்கே வைப்பது என்றுதான், கீழ்வீட்டு அம்மாவிடம் நாம் இரண்டு பேருமாகப் போய்க் கேட்க வேண்டும்.